லோர்னாவுக்கு ஓர் இலைகூட இல்லை

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் லோர்னாவைக் கம்பத்தின் உச்சியில் விட்டுவிட்டு வந்தோம். பத்திரமாக இறங்கிவிட்டாள், கவலை வேண்டாம். மலை முகட்டில் புகைக் கருவியோடு அவள் நட்ட ஏழு கம்பங்களும் பேச ஆரம்பித்துவிட்டன. மேலே எங்கே புகை கிளம்பினாலும், காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும், கீழே கெஸ்லர் பள்ளத்தாக்கில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் உடனே செய்தி வந்துவிடும். போன வருடத் தீயில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுததையும் பார்த்தோம்.

இத்தனைக்கும் பிறகு இந்த வாரம் அவளுக்கு மாலை மரியாதை நடந்திருக்க வேண்டும். நடந்தது வேறு.

சனிக்கிழமை காலை. சமையலறை மேஜையில் கம்பம் ஏறுகிற இடுப்புப் பட்டையை விரித்து வைத்து, லோர்னா அதன் கயிற்று முனையில் இருந்த பழைய கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கால் வழுக்கினாலும் ஆள் விழாமல் கம்பத்தோடு பிடித்து வைக்க வேண்டிய கொக்கி, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டிருந்தது. அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, புதுக் கொக்கியை உறையிலிருந்து எடுத்தாள். வெளியே மலையிலிருந்து வெதுவெதுப்பான காற்று இறங்கி ஜன்னல் கதவுகளை ஆட்டிக்கொண்டிருந்தது. அக்டோபரில் வரக் கூடாத, தீயைத் தூக்கிக்கொண்டு வருகிற காற்று. இந்த ஊரில் அந்தக் காற்றைக் கேட்டால் யாருக்கும் காபி இறங்காது.

அப்போதுதான் கைபேசி மினுங்கியது. மேலே ஒரு மஞ்சள் இலைப் படம். கீழே ஆஸ்பென் வட்டத்திலிருந்து நாலு வரி.

'அன்புள்ள லோர்னா, இந்தப் பருவத்தில் உங்களுக்கு வந்த இலைகள்: 0. இன்று முதல் நீங்கள் குளிர்கால உறக்கத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பங்களிப்புக்கு நன்றி. நல்ல ஓய்வு அமையட்டும்.'

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் வாய்விட்டுப் படித்தாள்.

ஆஸ்பென் வட்டத்துக்குத் தலைவர் கிடையாது. ஆபீஸ் கிடையாது, மானேஜர் கிடையாது. ஆஸ்பென் மரங்கள் மேலே தனித்தனியாக நின்றாலும் மண்ணுக்குள் ஒரே வேர், நாங்களும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு தொடங்கியவர்கள். போல்டர் ஊரைச் சுற்றிப் பாதிப் பேர் இருக்கிறார்கள், மீதிப் பேர் சாந்தா ஃபே, டொரன்டோ என்று சிதறிக் கிடக்கிறார்கள். யாருக்காவது ஒரு நல்ல வேலை தோன்றினால் எழுதிப் போடலாம். எல்லோரும் ஓட்டுப் போட்டுப் பொதுப் பெட்டியிலிருந்து பணம் ஒதுக்குவார்கள். ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டத்துக்குப் பெட்டி மறுபடி திறக்கும். லோர்னாவின் கம்பங்களும் அப்படி எழுந்தவைதான்.

சரி, உழைத்தவருக்கு வெகுமதி எவ்வளவு என்று யார் சொல்வது? தலைவர்தான் இல்லையே. அதற்குத்தான் இலை. பருவத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவர் கையிலும் நூறு இலை விழும். யார் நன்றாக உழைத்ததாகத் தோன்றுகிறதோ அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு வருகிறதோ அதைப் பொறுத்து வெகுமதி. ஓர் இலைகூட வராதவர் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். அவர் பெயர் தானாகவே உறக்கத்துக்குப் போய்விடும். அப்புறம் கூட்டத்தில் வாய் திறக்க முடியாது, ஓட்டு இல்லை, அவர் கையில் இருந்த வேலை அடுத்தவர் கைக்குப் போகும். எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். யாரும் யார் முகத்தையும் பார்த்து 'நீ வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய சங்கடம் இல்லை. எவ்வளவு நாகரிகம் பாருங்கள்.

"எமெட், இங்க வா" என்றாள் லோர்னா.

அவள் கத்தவில்லை. பதினாறு வருடம் குடித்தனம் நடத்திய எமெட்டுக்கு அதுவே போதும். முகத்தில் பாதி சவர நுரையோடு வந்து நின்றான். கைபேசியை வாங்கிப் பார்த்தான்.

"ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றான்.

"நீ எனக்கு எத்தனை குடுத்தே?"

எமெட் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"கேக்கறேன்ல. நூறு இலை இருந்துச்சு உன் கையில. எனக்கு எத்தனை?"

"லோர்னா, அந்த விதிய எழுதினவனே நான். புருஷன் பொண்டாட்டிக்கோ பொண்டாட்டி புருஷனுக்கோ இலை குடுக்கறது முறையில்ல. டென்னிசும் அவன் பொண்டாட்டியும் நூறு நூறா மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டு வட்டத்தையே நாறடிச்சாங்களே, மறந்துட்டியா? நானே எழுதிட்டு நானே மீறினா யாராவது மதிப்பாங்களா?"

"சரி. யாருக்குக் குடுத்தே?"

"அது அவசியமா?"

"அவசியம்."

"அறுபது க்வென்டினுக்கு. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா."

லோர்னா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

க்வென்டின் டொரன்டோவில் இருக்கிறான். இந்த மலையை அவன் கண்ணால் கண்டதில்லை. லோர்னா கம்பத்தின் மேலிருந்து அனுப்புகிற படங்களை வரிசையாக அடுக்கி, வாராவாரம் அழகான அறிக்கை எழுதிப் போடுவது அவன் வேலை. 'நம் கம்பங்கள் எழுகின்றன', 'முகட்டில் நம் காவல்' என்றெல்லாம் தலைப்பு வைப்பான். நம் என்பதில்தான் அவனுக்கு அலாதிப் பிரியம்.

"அவன் உன் வேலையப் பத்தி எவ்வளவு நல்லா எழுதியிருந்தான் தெரியுமா?" என்றான் எமெட். "உன்னைப் பெருமைப்படுத்தினான்னுதான் குடுத்தேன். ஒரு வகையில அது உனக்குக் குடுத்த மாதிரிதான்."

"ஒரு வகையிலயா?"

"லோர்னா..."

"ரெண்டு குளிர்காலம் எமெட். விரல் நகம் கறுத்துப் போய் வந்து இந்தச் சிங்க்ல சுடுதண்ணியில கைய வெச்சுக்கிட்டு நின்னேன். நீதான் தண்ணி ஊத்தினே. அந்தக் கைக்கு இலை இல்ல. அதைப் படம் புடிச்சு ஒட்டினவனுக்கு அறுபது."

எமெட் கெட்டவன் இல்லை, அதுதான் கொடுமை. நேர்மையான மனிதன். அவன் நேர்மைக்கு எப்போதும் வீட்டில் இருப்பவர்கள்தான் கப்பம் கட்ட வேண்டியிருக்கும்.

லோர்னா கையில் இருந்த புதுக் கொக்கியைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு வெளியே போனாள். கதவை அறைந்தது காற்றா அவளா என்று எமெட்டுக்குத் தெரியவில்லை.

கொல்லையில் விறகு அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டு முதல் ஆளாக மரிசோலுக்குப் போன் போட்டாள். சாந்தா ஃபேயில் இருக்கிற மரிசோல் வட்டத்திலேயே அவளுக்கு நெருக்கமானவள். கம்பத்துக்கான கருவிகளைத் தேடித் தேடி வாங்கி அனுப்பியவள்.

"சைபரா?" என்றாள் மரிசோல். "விளையாடறியா? உனக்குக் கொட்டோ கொட்டுன்னு கொட்டும்னுல்ல நினைச்சேன். இந்தப் பருவத்துல யாரைக் கேட்டாலும் உன் பேர்தான். நான் ஒருத்தி குடுத்து என்ன ஆகப்போகுது, யாருக்கும் தெரியாம உழைக்கிறவங்களுக்குக் குடுப்போம்னு அந்தக் கணக்குப் பார்க்கிற பையனுக்குக் குடுத்துட்டேன்."

அடுத்து இன்னொருவர். அவரும் அதையேதான் சொன்னார். மூன்றாவது ஆளும் அதே பல்லவி. உனக்குத்தான் எல்லாரும் குடுத்திருப்பாங்களே. உனக்கில்லாததா. நான் குடுக்கலைன்னா என்ன.

எல்லோரும் அவளைத்தான் முதலில் நினைத்திருக்கிறார்கள். நினைத்துவிட்டு, அவளுக்குத்தான் நிறைய வருமே என்று தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒருவராவது அவளை வெறுத்திருந்தால் பரவாயில்லை. சண்டை போட ஒரு முகம் கிடைத்திருக்கும். இங்கே எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அன்பாகப் பேசுகிறார்கள், அவள் மட்டும் வெளியே நிற்கிறாள். லோர்னாவுக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு விறகுக் கட்டையை எடுத்து வேலிமேல் வீசினாள். வேலியில் ஒரு சட்டம் பெயர்ந்தது. அதையும் அவள்தான் சரி செய்ய வேண்டும்.

மத்தியானம் நாத்தனார் பிரிஜெட் வந்தாள். எமெட்டின் அக்கா. கையில் காகிதத்தில் சுற்றிய பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய ரொட்டி, பரீட்டோ, மூன்று. மூன்று மணிக்கு வட்டத்தின் வாரக் கூட்டம். பிரிஜெட் இருக்கிற தெருவில் காற்றடித்தால் இன்டர்நெட் போய்விடும் என்பதால், கூட்டமென்றால் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவாள். இந்த வருடம் வட்டத்தைக் கூட்டி நடத்துகிற முறை அவளுடையது. நடத்துபவருக்கு இலையும் இல்லை, ஓட்டும் இல்லை.

"முகத்தை இப்படி வெச்சுக்கிட்டா பரீட்டோ ஆறிப்போயிடும்" என்றாள் பிரிஜெட்.

"அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலையிலதான் பார்த்தேன். பார்த்ததும் எனக்கே மனசு ஆறல."

"ஆறலன்னா ஒரு போன் பண்ணணும்னு தோணலயா?"

"நடத்துறவ தனியா யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு இருக்கு."

"எழுதினது யாரு, உங்க தம்பியா?"

பிரிஜெட் பரீட்டோ சுற்றிய காகிதத்தைப் பிரித்தாள். அவளுக்கும் கோபம் வரும், கொஞ்சம் தாமதமாக வரும்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. உன் நூறு இலைய நீ யாருக்குடி குடுத்தே?"

லோர்னா விழித்தாள்.

"அந்தப் பக்கத்தையே நீ திறக்கல. நூறும் வாடி உதிர்ந்துபோச்சு. மரிசோல் உனக்காகக் கடை கடையா ஏறி இறங்கினா. அவளுக்கு உன்கிட்டேர்ந்து என்ன வந்துச்சு? வியாழக்கிழமை எல்லாரும் கூடிப் பேசறதுக்கு நீ கடைசியா எப்ப வந்தே? நன்றி சொல்ற பக்கத்துல ஒருத்தருக்காவது ஒரு வரி எழுதியிருக்கியா?"

"நான் கம்பத்து மேல இருந்தேன் அண்ணி."

"தெரியும். கீழ இருந்தவங்களும் சும்மா இல்லன்னு சொல்றேன்."

அது சுருக்கென்று தைத்தது. தைத்ததனாலேயே லோர்னாவின் கோபம் இன்னும் ஏறியது. நியாயம் கொஞ்சம் எதிராளி பக்கம் இருக்கிற சண்டைதான் மனிதரை அதிகம் கொதிக்க வைக்கும்.

"சரி, நான் திமிர் பிடிச்சவ. நன்றி கெட்டவ. அதுக்காக ரெண்டாங்கட்டத்தை யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

பிரிஜெட் எமெட்டைப் பார்த்தாள். எமெட் தட்டைப் பார்த்தான்.

"இன்னிக்குக் கூட்டத்துல அது வருது" என்றாள் பிரிஜெட் மெதுவாக. "உறக்கத்துல இருக்கிறவங்க பேர்ல வேலை இருக்க முடியாது. க்வென்டின் தான் பார்த்துக்கறேன்னு எழுதியிருக்கான். ரெண்டு பேராவது ஆட்சேபிக்கலன்னா அவனுக்குப் போயிடும்."

ரெண்டாம் கட்டம் என்பது தெற்கு முகடு. இன்னும் ஐந்து கம்பங்கள். போன வருடம் தீ இறங்கி வந்தது அந்த வழியாகத்தான். எந்தப் பாறையில் துளை போடலாம், எந்தச் சரிவில் பனி முதலில் உருகும் என்று லோர்னா ஒரு கோடை முழுக்க நடந்து பார்த்து வைத்திருக்கிறாள். வெகுமதி போனால் போகட்டும், வேறு வேலை செய்து பிழைத்துக்கொள்வாள். அந்த முகட்டை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்க மட்டும் அவளால் முடியாது.

"வழி ஒண்ணு இருக்கு" என்றாள் பிரிஜெட். "விழிச்சிருக்கிற மூணு பேர் கூட்டத்துல கை தூக்கினா, உறக்கத்துல இருக்கிறவங்களை எழுப்பிடலாம். மரிசோல் தூக்குவா. கணக்குப் பார்க்கிற பையன் தூக்குவான்னு நினைக்கிறேன். மூணாவது..."

இரண்டு பெண்களும் எமெட்டைப் பார்த்தார்கள்.

"விதி இலைக்குத்தான் எமெட்" என்றாள் லோர்னா. "கைக்கு இல்ல. நீ எழுதினதுதானே, நீயே படிச்சுப் பாரு."

"எழுத்துல இல்லதான். ஆனா..."

"ஆனாவெல்லாம் வேணாம். தூக்குவியா மாட்டியா?"

"சரி."

"என்ன சரி?"

"சரின்னு சொல்றேன்ல."

அவன் சொன்ன விதம் லோர்னாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சரி என்றவனை அதற்கு மேல் எப்படிக் குடைவது?

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. ஒரே அறையில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் குரல் எதிரொலிக்கும் என்று பிரிஜெட் சமையலறையிலும் எமெட் படுக்கையறையிலும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு சுவர். உறக்கத்தில் இருக்கிற லோர்னாவுக்குப் பேச வழியில்லாததால் பிரிஜெட்டின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். தன் வீட்டுச் சமையலறையில், தன்னைப் பற்றிய பேச்சு நடக்கும்போது, வேலைக்கு வந்தவள் மாதிரி நிற்க வேண்டியிருந்தது.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். மூலையில் கம்பங்களின் வரைபடம், ஏழு பச்சைப் புள்ளிகள். க்வென்டினுக்குப் பின்னால் புத்தக அலமாரி, ஒரு செடி. நல்ல செடிதான்.

"லோர்னாவை எழுப்பறதுக்கு யாராவது கை தூக்கறீங்களா?" என்று பிரிஜெட் கேட்டாள்.

மரிசோலின் கை முதலில் எழுந்தது. அடுத்து கணக்குப் பையன். அவ்வளவுதான். மற்ற கட்டங்களில் எல்லோரும் கனிவாகப் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். யார் கட்டத்தைப் பார்க்கிறார்கள் என்பது லோர்னாவுக்குப் புரிந்தது. எமெட்டின் கட்டத்தை. மூன்றாவது கை அவனுடையது, நாம் ஏன் நடுவில் புக வேண்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். காலையில் அவளைச் சைபராக்கிய அதே மரியாதை.

எமெட் தொண்டையைச் செருமினான். சுவருக்கு அந்தப் பக்கமும் திரையிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

"என் மனைவி விஷயம். நான் எதுவும் சொல்லாம விலகி இருக்கறதுதான் சரின்னு படுது. என்னைக் கணக்குல எடுத்துக்க வேணாம்" என்றான்.

சில தலைகள் ஆடின. என்ன கண்ணியம் என்று ஆடிய தலைகள். ஆடி முடிப்பதற்குள் கை தூக்குவதற்கான நேரம் முடிந்து திரையில் மஞ்சள் இலை ஒன்று விழுந்தது.

"டேய்" என்றாள் லோர்னா.

பிரிஜெட் சட்டென்று தன் ஒலியை அணைத்தாள். "வேணாம் லோர்னா. இப்ப கத்தினா எல்லாருக்கும் கேக்கும்."

"கேக்கட்டுமே. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி இந்த மேஜையில சரின்னு சொன்னான்."

"எனக்கும் கேட்டுச்சு. அவன் என் தம்பிதான், இப்போதைக்கு அவனை அறையணும் போலத்தான் எனக்கும் இருக்கு. ஆனா நான் இதை நடத்தி முடிக்கணும்."

மத்தியானப் பேச்சை ஆறு மணி நேரத்துக்கு முந்தியது என்று லோர்னா சொன்னதைப் பிரிஜெட் திருத்தவில்லை. அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனது போலத்தான் இருந்தது.

அடுத்தது ரெண்டாம் கட்டம். க்வென்டின் எடுத்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கிறதா? மரிசோல் மட்டும் இருக்கிறது என்றாள், ஒரு குரல் போதாது. தெற்கு முகடு டொரன்டோவுக்குப் போனது. "லோர்னா போட்ட அஸ்திவாரத்துக்கு நாம எல்லாரும் நன்றி சொல்லணும்" என்று க்வென்டின் உருகினான். நிஜமாகவே உருகினான், அவனிடம் நடிப்பு இல்லை. லோர்னா குழாயைத் திறந்து பாத்திரங்களை உருட்ட ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் வரைபடத்தில் ஒரு புள்ளி சிவந்தது.

"மூணாவது கம்பம் பேசல" என்றான் கணக்குப் பையன்.

கூட்டத்தில் சலசலப்பு. இந்தக் காற்றில் மூன்றாவது கம்பம் ஊமையாகிவிட்டால், மேட்டுத் தெருக்காரர்களுக்குப் புகை வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும். யாராவது போய்ப் பார்க்க வேண்டும். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. யார் போவது? க்வென்டின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பெரிதாக்கினால் கம்பம் சரியாகிவிடுமா?

"லோர்னா போவா" என்றது எமெட்டின் குரல். "பக்கத்துலதான் இருக்கா. இப்பவே கிளம்பிடுவா."

லோர்னா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலிமேல் கிடந்த இடுப்புப் பட்டையை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். அவன் கேமராவின் முன்னால் அதைப் பொத்தென்று போட்டாள். அவனுடைய ஒலி திறந்தே இருந்தது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"நான் தூங்கிக்கிட்டிருக்கேன் எமெட். நீ போ."

"லோர்னா, இது விளையாட்டு இல்ல. மேட்டுத் தெருவுல ஜனங்க..."

"ஜனங்களுக்காகத்தான் சொல்றேன். கை தூக்கறதுக்கு நான் உன் பொண்டாட்டி, விலகிக்கிட்டே. கம்பம் ஏறறதுக்கு மட்டும் நான் உன் பொண்டாட்டி இல்லையா? அப்ப என் பேரைச் சொல்லி அனுப்பறது மட்டும் முறையா?"

திரையில் இருந்த முகங்கள் வேறு எங்கோ பார்த்தன.

எமெட்டின் காது சிவந்தது. அவமானம் என்று வந்தால் அவனுக்குப் பிடிவாதம் கூடவே வரும். பட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லு."

"கம்பத்துல இரும்புப் படி இருக்கு. ஏறு. உச்சியில பெட்டி. திறந்து சிவப்பு ஒயரைப் பிடுங்கி, தூசியை ஊதிட்டு மறுபடி சொருகு. அவ்வளவுதான். இதைத்தான் நான் ரெண்டு வருஷமா பண்ணிக்கிட்டிருந்தேன், இதுக்குத்தான் சைபர்."

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். சரளைக் கல் தெறிக்கிற சத்தம் கேட்டது. லோர்னாவுக்கு மனசு குளிர்ந்தது. போகட்டும். ஏறட்டும். அந்தக் காற்று முகத்தில் அறையட்டும். இரும்புப் படியில் கை நோகட்டும். அப்புறம் வந்து அறுபது இலைக் கதையைச் சொல்லட்டும்.

பிரிஜெட் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தினாள். அடுத்த பருவத்துக் கணக்கு, புது உறுப்பினர் விண்ணப்பம், இன்னும் என்னென்னவோ. லோர்னா எல்லாப் பாத்திரங்களையும் கழுவி முடித்தாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். சாம்பல் நிறத்தில் வெயில் சாய ஆரம்பித்தது. காற்றின் சூடு போய் வீடு குளிர்ந்துகொண்டு வந்ததால் அடுப்புக்கு விறகு எடுத்து வரலாம் என்று கோட்டை மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

பெயர்ந்த வேலிச் சட்டம் காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. குளிருக்குக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள்.

விரலில் இரும்பு பட்டது.

வெளியே எடுத்துப் பார்த்தாள். புதுக் கொக்கி. பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. பழைய கொக்கி குப்பைத் தொட்டியில் கிடக்கிறது. எமெட் எடுத்துக்கொண்டு போன பட்டையின் கயிற்று முனையில் வெறும் வளையம்தான் இருக்கிறது. லோர்னாவாக இருந்தால் பட்டையைக் கையில் எடுத்ததுமே தெரிந்திருக்கும். கம்பம் ஏறியே பழக்கமில்லாதவனுக்கு அதில் எது குறைகிறது என்று எப்படித் தெரியும்? அந்த வெறும் வளையத்தைப் பார்த்தாலும், பட்டை இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று ஏறுவான்.

பட்டையை அவன் முன்னால் போட்டது அவள் கைதான். காலையில் கொக்கியைக் கழற்றியதும் அதே கை. நிஜமாகவே மறந்துதான் போனேனா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் தேட அவளுக்கு இப்போது நேரம் இல்லை.

எமெட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. வீட்டுக்குள் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், படுக்கையறையில் கம்ப்யூட்டர் பக்கத்தில் அவன் கைபேசி கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணி, உங்க கார் சாவி எங்க?"

"என்னடி ஆச்சு?"

"சாவியக் குடுங்க அண்ணி."

பிரிஜெட் பையைத் துழாவும்போது திரையில் கைதட்டல் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். வரைபடத்தில் மூன்றாவது புள்ளி பச்சையாகியிருந்தது.

"பார்த்தியா, செஞ்சுட்டான்" என்று பிரிஜெட் சிரித்தாள். மரிசோல்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். க்வென்டின் 'எமெட், நம் முகட்டின் காவலன்' என்று எழுதினான். நன்றி சொல்கிற பக்கத்தில் எமெட்டின் பெயருக்கு எதிரே வரி வரியாக விழ ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் லோர்னாவுக்கு வராத வரிகள்.

பச்சை என்றால் ஒயரைச் சொருகிவிட்டான். ஒயரைச் சொருகிவிட்டான் என்றால் இந்த நிமிடம் அவன் உச்சியில் நிற்கிறான். இனிமேல்தான் இறங்க வேண்டும்.

லோர்னா உள்ளங்கையில் கொக்கியைப் பிடித்தபடி அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே காற்று ஒருமுறை பலமாக வீசி, கொல்லையில் வேலிச் சட்டம் அடியோடு பிடுங்கிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

புள்ளி சிவந்தது.

கூட்டத்தில் கைதட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கனிவான முகங்கள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, வேறு யாராவது முதலில் பேசட்டும் என்று. லோர்னா பிரிஜெட்டின் கையிலிருந்த பையையே பிடுங்கி மேஜைமேல் கொட்டினாள். சாவி உருண்டு கீழே விழுந்தது.